பூட்டு ஊர்ல பொறந்தும் சாவி கிடைக்காதவன்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னைக்கு ஒரு வரலாற்றுப் பதிவு. நடுவுல கொஞ்சம் சொந்தக் கதை, சோகக் கதையும் வரும். பொறுத்துக்கங்க.

எங்க ஊர் திண்டுக்கல். பிரியாணிக்கு முன்னாடியே பூட்டுக்குப் பேர் போன ஊர். 2019-ல திண்டுக்கல் பூட்டுக்கு புவிசார் குறியீடு கூட கிடைச்சது. அப்பேர்ப்பட்ட ஊர்ல பொறந்த எனக்கு, பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் வீட்டுச் சாவியக் குடுத்ததே இல்ல. "தொலச்சிருவான்" - இது அம்மா. "அவனுக்கு எதுக்கு, நாமதான் வீட்ல இருக்கோமே" - இது அப்பா. அக்காவுக்கு எட்டாவதுலயே சாவி கையில வந்துருச்சு. சாவியோட சேர்ந்து, சாயங்காலம் வந்து உலை வைக்கிற வேலையும், துணி எடுத்து மடிக்கிற வேலையும், எனக்கு ஹார்லிக்ஸ் போட்டுத் தர்ற வேலையும் வந்துச்சு. அதை அப்ப நான் கவனிக்கல.

கவனிச்சது 2020 மார்ச்ல. பெங்களூர்ல வேலை. ஊரடங்குன்னு அறிவிச்ச ரெண்டாவது நாள் மெஸ்ஸ மூடிட்டாங்க. கூட இருந்த ரெண்டு பேரும் முன்னாடியே ஊருக்குக் கிளம்பிட்டாங்க. நான், அஞ்சு கிலோ அரிசி, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன். முதல் வருஷம் வொர்க்‌ஷாப்ல இரும்பை ராவி ராவி சதுரமாக்கச் சொல்வாங்களே, அதுலயும் நான் சீனியர் செஞ்ச பீஸை வாங்கி வச்சு மார்க் வாங்குன ஆளு. அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்ளோ தண்ணி?"

சிரிச்சா. ரொம்ப நேரம் சிரிச்சா. அப்புறம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிருச்சோன்னு பார்த்தேன். அப்ப சொன்னா: "உனக்கு ஒண்ணும் தெரியாமப் போனதுக்கு, எனக்கு எல்லாம் தெரிஞ்சதுதான்டா காரணம்."

ரெண்டரை டம்ளர்னு அதுக்கப்புறம்தான் சொன்னா.

இ-பாஸ் கிடைச்சு ஜூன்ல ஊருக்கு வந்தப்ப, இந்தக் கதைய காமெடியா தாத்தாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். தாத்தா சின்னாளபட்டிக்காரர். நெசவு வீட்ல பொறந்தவர். எதுவும் பேசாம எந்திரிச்சுப் போயி டிரங்குப் பெட்டியத் தொறந்தார். ஒரு மெல்லிசான கம்பி. கீழ காசு மாதிரி ஒரு பித்தளை வட்டு. மேல சின்னதா ஒரு கொக்கி.

"இது என்னன்னு தெரியுமாப்பா?"

பம்பரம்னு நெனச்சேன். தக்ளியாம். அவர் சின்ன வயசுல படிச்சது ஆதாரப் பள்ளி. அங்க எல்லாப் பிள்ளைங்க கையிலயும் இது இருக்குமாம். விரலால சுத்தி விட்டு, பஞ்சை மெதுவா இழுத்து விட்டா நூல். எம்பது வயசை நெருங்குற மனுஷன் கண்ணை மூடிக்கிட்டே ஒரு முழம் இழுத்துக் காட்டினார். நான் முயற்சி பண்ணினேன். அறுந்துச்சு. திரும்ப அறுந்துச்சு.

அன்னைக்குத் தொடங்கின தேடல்தான் இந்தப் பதிவு.

மலை மேல ஒரு கதை

முதல்ல கொடைக்கானலுக்குப் போயிட்டு வந்துருவோம். 1985-ல மதுரையில இருந்து திண்டுக்கல் மாவட்டத்தைப் பிரிச்சாங்க. அதுக்கு முன்னாடி கொடைக்கானல், திண்டுக்கல், சின்னாளபட்டி எல்லாமே மதுரை மாவட்டம்தான்.

மரியா மாண்டிசோரி. பேரைக் கேட்டதும் நமக்கு ஞாபகம் வர்றது தெருமுனையில கலர் பெயின்ட் அடிச்ச, யானை பொம்மை வச்ச நர்சரி ஸ்கூல். ஆனா அந்த அம்மா இத்தாலியில 1870-ல பொறந்த ஒரு டாக்டர். 1907-ல ரோம் நகரத்துல சான் லொரென்சோங்கிற ஏழைத் தொழிலாளர் குடியிருப்புல, அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா நாள் முழுக்கக் கவனிக்க ஆளில்லாம இருந்த குழந்தைகளுக்காக ஒரு வீடு தொடங்கினாங்க. அங்க குழந்தைக்கு முதல்ல சொல்லிக் குடுத்தது அ, ஆ இல்ல. கை கழுவுறது, பட்டன் போடுறது, சிந்தாம தண்ணி ஊத்துறது, தரை கூட்டுறது, சாப்பாட்டு மேசையில தட்டு எடுத்து வைக்கிறது. நாற்காலி மேசை எல்லாம் குழந்தை உயரத்துக்கு. பாத்திரம் நெசமாவே பீங்கான், கண்ணாடி. கீழ போட்டா உடையும். உடைஞ்சாத்தான் அடுத்த தடவை பிடிச்சுத் தூக்கும்னு ஒரு கணக்கு.

இந்த அம்மா 1939-ல, 69 வயசுல, பிரம்மஞான சபை அழைப்புல மகன் மாரியோவோட சென்னை அடையாறுக்கு வந்தாங்க. ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுத்துட்டுக் கிளம்புறதா திட்டம். 1940 ஜூன்ல இத்தாலி போர்ல குதிச்சுது. இத்தாலிக்காரங்க எல்லாரும் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரிகள் ஆயிட்டாங்க. மகனைக் கொண்டு போய் முகாம்ல அடைச்சாங்க. அம்மாவுக்கு அடையாறை விட்டு நகரக் கூடாதுன்னு கட்டுப்பாடு. ரெண்டு மாசம் கழிச்சு, ஆகஸ்ட் 31, அவங்களோட எழுபதாவது பிறந்த நாள் அன்னைக்கு மகனை விடுதலை பண்ணினாங்க. போர் முடியிற வரைக்கும் ஊர் திரும்ப வழியில்ல. அந்தக் காலத்துல 1942-ல இருந்து 1944 வரைக்கும் அவங்க தங்கினது நம்ம கொடைக்கானல்ல. சும்மா இருக்கல. அங்கயும் குழந்தைகளைச் சேர்த்துப் பள்ளி நடத்தினாங்க. 6 வயசுல இருந்து 12 வயசுப் பிள்ளைகளுக்கான அவங்க கல்வி முறை நல்லா உருவானது அந்த மலையிலதான்.

இது எனக்கு முப்பது வயசு நெருங்குற வரைக்கும் தெரியாது. வருஷா வருஷம் கொடைக்கானல் போயி ஹோம்மேடு சாக்லேட் வாங்கிட்டு வந்த பயதான் நான்.

அடிவாரத்துல இன்னொரு கதை

மாண்டிசோரியும் காந்தியும் 1931-ல லண்டன்ல சந்திச்சிருக்காங்க. வட்டமேசை மாநாட்டுக்குப் போயிருந்த காந்தி, அவங்களோட ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில பேசியும் இருக்கார். குழந்தையோட கைதான் அதோட முதல் ஆசிரியர்ங்கிறதுல ரெண்டு பேரும் ஒண்ணு. ஆனா காந்திக்கு ஒரு சிக்கல். மாண்டிசோரி உபகரணங்கள் விலை ஜாஸ்தி. லட்சக்கணக்கான கிராமத்துல அதை வாங்க யார்கிட்ட காசு?

அதுக்கு அவர் கண்ட பதில் 1937 அக்டோபர்ல வார்தா மாநாட்டுல வந்துச்சு. நயி தாலீம். தமிழ்ல ஆதாரக் கல்வி. ஜாகிர் உசேன் தலைமையில ஒரு குழு பாடத்திட்டம் போட்டுச்சு. 7 வயசுல இருந்து 14 வரைக்கும், தாய்மொழியில, ஒரு கைத்தொழிலை மையமா வச்சு. அந்தக் கால அட்டவணையப் பாருங்க. மொத்தம் ஐந்தரை மணி நேரப் பள்ளி. அதுல கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிஷம். தாய்மொழிக்கு 40 நிமிஷம். இசை, ஓவியம், கணக்கு மூணுக்கும் சேர்த்து 40 நிமிஷம். சமூகவியலும் அறிவியலும் சேர்ந்து 30 நிமிஷம். உடற்பயிற்சி 10, இடைவேளை 10.

மூணேகால் மணி நேரத்துக்கு மேல நூல் நூக்குறதான்னு நீங்க வாயப் பொளக்குறது தெரியுது. நானும்தான். ஆனா அவங்க கணக்கு வேற. தக்ளியில எத்தனை கெஜம் நூல் வந்துச்சுன்னு எண்ணினா கணக்குப் பாடம். பஞ்சு எந்த மண்ணுல வெளையுதுன்னு கேட்டா புவியியல். நம்ம பஞ்சு மான்செஸ்டர் போயித் துணியா திரும்பி வந்த கதை வரலாறு. இதை நடத்த அமைஞ்ச இந்துஸ்தானி தாலீமி சங்கத்துக்குச் செயலாளரா இருந்தவர் ஒரு இலங்கைத் தமிழர், ஆரியநாயகம். தாகூர்கிட்ட வேலை பார்த்தவர். அவரும் அவரோட மனைவி ஆஷா தேவியும் சேவாகிராமத்துல பள்ளியையே வீடா வச்சு வாழ்ந்தாங்க. 1944-ல காந்தி சிறையில இருந்து வந்த பிறகு இது இன்னும் விரிஞ்சுது. சுத்தம், சமையல், தோட்டம், கூடி முடிவெடுக்கிறது எல்லாமே பாடம். கக்கூஸ் கழுவுறதும் பாடம். எல்லாப் பிள்ளைக்கும், எல்லா வாத்தியாருக்கும்.

இது எங்க ஊருக்கு எப்படி வந்துச்சு?

டாக்டர் சௌந்தரம். டிவிஎஸ் சுந்தரம் அய்யங்காரோட மகள். சின்ன வயசுலயே கல்யாணம், சின்ன வயசுலயே கணவரை இழந்தாங்க. அந்தக் காலத்துல அந்த வீட்டுப் பொண்ணுக்கு அதோட வாழ்க்கை முடிஞ்சுதுன்னு அர்த்தம். அவங்க டெல்லி போயி மருத்துவம் படிச்சாங்க. 1940-ல காந்தியவாதி ஜி.ராமச்சந்திரனை சாதி கடந்து மறுமணம் பண்ணிக்கிட்டாங்க. கேரளத்துக்காரர், சாந்திநிகேதன்ல படிச்சவர். ரெண்டு பேரும் சேர்ந்து 1947-ல தொடங்கினதுதான் காந்திகிராமம். திண்டுக்கல்ல இருந்து மதுரை ரோட்டுல போனா சின்னாளபட்டி பக்கத்துல, சிறுமலை அடிவாரம். அம்பாத்துரை ரயில் நிலையம்னா சட்டுனு தெரியும். ஆஸ்பத்திரி, ஆதாரப் பள்ளி, ஆசிரியர் பயிற்சி, பெண்களுக்கு சேவிகாசிரமம்னு வளர்ந்து, 1956-ல கிராமியக் கல்வி நிறுவனம் வந்து, 1976-ல அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாச்சு. எங்க பக்கம் "யுனிவர்சிட்டி ஸ்டாப்"னு இறங்குறோமே, அது தக்ளியில இருந்து முளைச்சது மக்களே.

அப்புறம் என்னாச்சு?

இவ்ளோ நல்ல விஷயம்னா ஏன் நிக்கல? தாத்தாகிட்டயே கேட்டேன்.

"எங்கய்யாவுக்குப் புடிக்கலப்பா" அப்படின்னார்.

அவரோட அப்பா தறிக்குழியில உக்காந்து நெய்யிறவர். வீடு முழுக்க நூல். சோத்துல நூல் கிடக்கும், தலைமுடியில நூல் கிடக்கும். ஒரு நாள் தாத்தா பள்ளிக்கூடத்துல இருந்து தான் நூத்த நூலைப் பெருமையா கொண்டு வந்து காட்டியிருக்கார். அவங்கய்யா தறிய நிறுத்திட்டு சொன்னாராம்: "நானும் நூலு, எங்கப்பனும் நூலு. உன்னையப் பள்ளிக்கூடம் அனுப்புனது இந்த நூல விட்டுட்டுப் போறதுக்குடா."

மறு வருஷமே வேற பள்ளிக்கூடம் மாத்திட்டாராம்.

எனக்கு அதைக் கேட்டதும் அக்கா போன்ல சொன்னது காதுல திரும்ப ஒலிச்சுது. ரெண்டும் ஒரே பேச்சுதான்.

இந்தக் கோபம் ஒரு நெசவாளி வீட்டுக் கோபம் மட்டும் இல்ல. 1953-ல முதலமைச்சர் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டு வந்தார். கிராமத்துத் தொடக்கப்பள்ளியில பிள்ளைக்கு அஞ்சு மணி நேரத்துக்குப் பதிலா மூணு மணி நேரம் வகுப்பு. மிச்ச நேரம் வீட்டுத் தொழில். அதாவது தச்சர் மகன் தச்சு வேலை பார்க்கட்டும், குயவர் மகன் பானை செய்யட்டும். பள்ளி குறைவு, ஆசிரியர் குறைவு, ஷிஃப்ட் போட்டா நிறையப் பேரு படிக்கலாம்னு சொன்னாங்க. மக்கள் அதுக்கு வச்ச பேர் 'குலக்கல்வி'. பெரியாரும் திமுகவும் தெருவுல இறங்கினாங்க. காங்கிரசுக்கு உள்ளேயே எதிர்ப்பு. 1954-ல ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதலமைச்சரா வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

நியாயமா பார்த்தா காந்தியோட ஆதாரக் கல்வியும் ராஜாஜியோட திட்டமும் ஒண்ணு இல்ல. முதலாவதுல எல்லாச் சாதிப் பிள்ளையும் ஒரே வகுப்புல ஒரே தக்ளியச் சுத்தணும். ரெண்டாவதுல அவனவன் அப்பன் வேலைக்கு அவனவன் திரும்பணும். ஆனா தறிக்குழியில உக்காந்து பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? ஆதாரப் பள்ளி பெரும்பாலும் கிராமத்துல. டவுன்ல வக்கீல் பையனும் டாக்டர் பையனும் இங்கிலீஷும் அல்ஜீப்ராவும் படிக்கிறாங்க. அவங்க கையில தக்ளி இல்ல. அப்ப யாருக்கு இந்தக் கைத்தொழில்? அவர் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

அதுக்கப்புறம் ஆதாரக் கல்வி மெதுவா வத்திப் போச்சு. 1962-ல திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில ஜெயிச்சு, சௌந்தரம் அம்மா மத்தியக் கல்வித் துணை அமைச்சரானாங்க. அவங்க அங்க இருந்த காலத்துலதான், 1964-ல கோத்தாரி குழுவை அமைச்சாங்க. 1966-ல வந்த அறிக்கையில ஆதாரக் கல்வி 'வேலை அனுபவம்' ஆயிருச்சு. 1977-ல இன்னொரு குழு 'சமூகப் பயனுள்ள ஆக்கப் பணி'ன்னு நீட்டமா பேர் வச்சுது. எங்க காலத்துல அது 'கைத்தொழில் பீரியட்'. அதையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்குவார். 1990-கள்ல உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் திறன்கள்னு பத்து சொல்லுச்சு. முடிவெடுக்கிறது, மன அழுத்தத்தைச் சமாளிக்கிறது, அடுத்தவங்க மனசைப் புரிஞ்சுக்கிறது... எல்லாம் தேவைதான், மறுக்கல. ஆனா அந்தப் பத்துல சோறு வடிக்கிறது இல்ல. :-)

விளக்குமாறு யார் கையில?

ஜப்பான்ல பள்ளிக்கூடத்தைப் பிள்ளைங்களே கூட்டித் துடைக்கிறாங்க, மதியச் சாப்பாட்டைப் பிள்ளைங்களே பரிமாறிக்கிறாங்கன்னு வீடியோ பார்த்திருப்பீங்க. வாட்ஸ்அப்ல வருஷத்துக்கு நாலு தடவை சுத்தும். கீழ நம்மாளுங்க "நம்ம ஊர்லயும் வரணும்"னு கை தட்டுவாங்க.

நம்ம ஊர்ல என்ன நடக்குதுன்னும் பார்க்கணும். 2022-ல ஈரோடு மாவட்டத்துல ஒரு அரசுத் தொடக்கப்பள்ளியில பிள்ளைங்களைக் கழிவறை கழுவ வச்சாங்கன்னு புகார் வந்து, தலைமையாசிரியை கைதானாங்க. ஏன்னா கழுவ அனுப்பினது பட்டியல் சாதிப் பிள்ளைங்களை மட்டும்னு புகார். அதே விளக்குமாறு, அதே பினாயில். ஜப்பான்ல அது பாடம். இங்க அது அவமானம். எல்லாரும் செஞ்சா பாடம், ஒருத்தனை மட்டும் செய்ய வச்சா தண்டனை.

இதை எங்க வீட்டுக்கும் பொருத்திப் பார்த்தேன். அக்காவுக்கு எட்டாவதுல கிடைச்சது வாழ்க்கைத் திறன்னு நான் இப்ப பதிவு போடலாம். ஆனா அவளுக்கு அது அப்ப தம்பிக்குச் செய்ய வேண்டிய வேலை. அவ ஹார்லிக்ஸ் போட்ட நேரத்துல நான் டியூஷன் போனேன். அவ பிளஸ் டூ மார்க் என்னோடதை விட 60 குறைவு. அந்த அறுபதுக்குள்ள எத்தனை டம்ளர் ஹார்லிக்ஸ் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் தைரியம் வரல.

மாண்டிசோரி ஏழைக் குழந்தைக்குன்னு தொடங்கினது, இன்னைக்கு எங்க ஊர்ல ஃபீஸ் கட்டி பட்டன் போடக் கத்துக்கிற இடமாச்சு. காந்தி எல்லாக் குழந்தைக்கும்னு சொன்னது, கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும்னு ஆகி, அப்புறம் யாருக்கும் இல்லாமப் போச்சு. ரெண்டு முறையிலயும் எனக்குத் தெரிஞ்சு குறையில்ல. நம்ம வீட்டுக்குள்ள வந்ததும் 'இது யாருக்கு'ன்னு பிரிக்கிறோம் பாருங்க, அங்கதான் ரெண்டும் செத்துச்சு.

கடைசியா

அக்காவுக்கு இப்ப ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் ஒன்பது வயசு, சின்னவ ஆறு. போன தீபாவளிக்கு வந்திருந்தாங்க. சாப்பிட்டு முடிச்சதும் மருமகன் தன் தட்டை எடுத்துட்டுப் போயி கழுவ ஆரம்பிச்சான். எங்கம்மா பதறிட்டாங்க.

"ஏய்யா, ஆம்பளப் பய நீ எதுக்குக் கழுவுற? வையி, பாப்பா கழுவும்."

அக்கா வாயத் தொறக்குறதுக்குள்ள நான் எந்திரிச்சுட்டேன். வீர வசனம் எல்லாம் இல்லைங்க. என் தட்டை எடுத்துட்டுப் போயி அவன் பக்கத்துல நின்னேன். பின்னாடியே தாத்தாவும் தட்டோட வந்து நின்னார். குழாய் ஒண்ணு, ஆளு மூணு. அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. அக்கா சிரிக்கல. பார்த்துக்கிட்டே இருந்தா. நான் கழுவின தட்டுல எண்ணெய்ப் பிசுக்கு போகலன்னு மருமகன்தான் சொல்லிக் குடுத்தான்.

ஊருக்குக் கிளம்பறப்ப அவனுக்கு நாகல் நகர்ல ஒரு சின்னப் பூட்டு வாங்கிக் குடுத்தேன். ரெண்டு சாவி. ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு பாப்பாவுக்கு. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பெட்டி. அதைக் கூட்டித் துடைச்சு அடுக்கி வைக்கிறது ரெண்டு பேர் பொறுப்பு, முறை வச்சு.

உங்க வீட்ல சாவி யார் கையில இருந்துச்சு? பின்னூட்டத்துல சொல்லுங்க. யாராவது ஆதாரப் பள்ளியில படிச்ச பெரியவங்க வீட்ல இருந்தா அவங்ககிட்டயும் கேட்டுப் பாருங்க. டிரங்குப் பெட்டியில என்ன கிடக்கும்னு சொல்ல முடியாது.

டிஸ்கி: குக்கர்ல வச்சா ஒரு டம்ளர் பழைய அரிசிக்கு மூணு டம்ளர் தண்ணி, புது அரிசின்னா ரெண்டரை. இப்ப எனக்கே தெரியும். அக்காவுக்கு போன் பண்ண வேண்டியதில்ல. ஆனா பண்றேன்.